மஞ்சள் துணியில் முடிந்த காசு: இதயம் நின்று திரும்பிய ஒருவர், அவர் குடும்பம் – ஒரு நிகழ்வு ஆய்வு

நான் தென் மாவட்ட மருத்துவமனை ஒன்றின் இதயப் பிரிவில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். நோயாளிகள் வீட்டுக்குப் போன பிறகு மாத்திரை, சாப்பாடு, நடைப்பயிற்சி, வீட்டுச் சூழல் எல்லாம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. இதயம் நின்று பிழைத்தவர்களில் சிலர், அந்த நேரத்தில் தங்களுக்கு ஏதோ நேர்ந்தது என்று சொல்வார்கள். அப்படி ஒருவரோடும் அவர் குடும்பத்தோடும் ஒரு வருடம் பழகியதை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் இருக்கிறது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் சறுக்கிய இடங்களை மாற்றவில்லை.

பின்னணி

பெரியவருக்கு அப்போது 61 வயது. சிவகாசி வட்டாரத்து ஆப்செட் அச்சகம் ஒன்றில் 32 வருடம் மிஷின் ஓட்டியவர். காலண்டர் படங்கள்தான் அவர் கைபட்டு அதிகம் வெளியே போனவை. முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, மெக்கா என்று எந்த மதத்துக்கும் அடித்திருக்கிறார். நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தால்தான் படம் தெளியும். அதைத்தான் ரிஜிஸ்டர் என்பார்கள். மயிரிழை விலகினாலும் லட்சுமியின் உதட்டோரம் சிவப்பு தனியாகப் பிதுங்கி நிற்கும். அந்த விலகலை ஓடுகிற மிஷினிலேயே கண்ணால் பிடிப்பதில் அவர் பேர் வாங்கியவர். இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், பின்னால் தன் அனுபவத்தைச் சொல்ல அவருக்கு இந்தத் தொழிலின் வார்த்தைகள்தான் கைகொடுத்தன.

சாமி கும்பிடுவதில் ஊரில் எல்லாரையும் போலத்தான். வெள்ளி செவ்வாய் கோயில், நெற்றியில் திருநீறு, ஐப்பசியில் சஷ்டி விரதம், மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில். மனைவிக்கு 56 வயது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருடம் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போனவர். மகன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். மகளைப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பதினோரு நிமிடம்

ஆடிப்பெருக்கு முடிந்த மறுவாரம். அச்சகங்கள் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு, ஆர்டர் வரத் தொடங்கும் நேரம். இரண்டு நாளாக இடது தோளில் வலி இருந்தும், வாய்வு என்று சோடா குடித்துச் சமாளித்திருக்கிறார். மூன்றாம் நாள் காலை ஷிப்டில் வியர்த்துக் கொட்டி மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்துக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றது.

மாரடைப்பும் இதயம் நிற்பதும் ஒன்றல்ல. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அப்போதும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த அடைப்பால் மின்னோட்டம் குலைந்து, இதயம் வெறுமனே நடுங்கி, ரத்தத்தைத் தள்ளாமல் போவதுதான் இதய நிறுத்தம். இவருக்கு முதலில் அது, அப்புறம் இது. 11 நிமிடம் நெஞ்சை அழுத்தி, மூன்று முறை ஷாக் கொடுத்த பிறகு துடிப்பு திரும்பியது. அடைப்பை நீக்கி, குழாயைத் திறந்தபடி தாங்கிப்பிடிக்கும் சின்ன வலைக்குழலான ஸ்டென்டை வைத்தார்கள். இரண்டு நாள் வென்டிலேட்டர், மொத்தம் ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. அழுத்தியதில் இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. அடுத்த பல வாரம் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இருமினார்.

அந்த ஆறு நாளும் அவர் மனைவி மருந்துக்கடைக்கு எதிரே உள்ள பெஞ்சில் இருந்தார். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அவரைத் தாண்டிப் போயிருப்பேன். "சாப்டீங்களாம்மா?" என்று கேட்பேன், தலையாட்டுவார், போய்விடுவேன்.

முதல் ஐந்து வாரம்

வென்டிலேட்டரை எடுத்த மறுநாள் காலைச் சுற்றின்போது, பணியிலிருந்த மருத்துவரிடம் பெரியவர் கரகரத்த குரலில், "சார், நான் ஒன்னு பாத்தேன்" என்றிருக்கிறார். மருத்துவர் அன்பாகத்தான் பதில் சொன்னார்: "மூளைக்கு ஆக்சிஜன் குறைஞ்சா அப்படித்தாங்கய்யா இருக்கும், பயப்படாதீங்க." பெரியவர் பயந்திருக்கவே இல்லை. பயப்படாதே என்று பதில் வந்ததும், இது இங்கே பேசுகிற விஷயம் இல்லை என்று முடிவு செய்துகொண்டார். அதன் பிறகு ஐந்து வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஐந்தாவது வாரம் மறுபரிசோதனைக்கு மகன் கூட்டிவந்தார். அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் ஒரே மூச்சில் கொட்டினார். அப்பா பூஜை அறைப் பக்கமே போவதில்லை, திருநீறு பூசுவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். வேப்பமரத்தைப் பார்த்துக் கண்கலங்குகிறார். கூட வேலை செய்தவரின் மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட 20,000 ரூபாய் எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் அப்புறம்தான் சொன்னார். கடைசியாகச் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒன்பது நாளாக மாத்திரை அட்டை பிரிக்கப்படவே இல்லை.

"சாவப் பத்திப் பேசினா சிரிக்கிறாரு மேடம். மனநல டாக்டர்ட்ட காட்டணும். இல்லன்னா காவி கட்டிக்கிட்டுக் கெளம்பிருவாரோன்னு பயமா இருக்கு."

அவர் சொன்னது

மகனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டுப் பெரியவரை உள்ளே அழைத்தேன். "மொதல் நாளு டாக்டர்ட்ட என்னமோ பாத்தேன்னு சொன்னீங்களாமே, எனக்குச் சொல்லலாமா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இங்க் கறை இன்னும் போகாமல் இருந்தது.

"கீழ ஒரு ஆளு கெடக்கான். சட்டையக் கத்தரியால வெட்டுறாங்க. அடடா புதுச் சட்டையாச்சேன்னு ஒரு நெனப்பு. அப்புறந்தான் அது நான்னு தெரியுது. ஆனா அந்த ஆளு மேல எனக்குப் பெருசா ஒட்டுதல் இல்ல. அப்புறம் சத்தமெல்லாம் நின்னு போச்சும்மா. மிஷினை ஆப் பண்ணுனதும் ஒரு அமைதி வரும் பாருங்க, நாள் பூரா அந்தச் சத்தத்துல நின்னவனுக்குத்தான் அது தெரியும். அந்த மாதிரி, ஆனா இன்னும் பெருசு. வெளிச்சம்னு சொல்லலாம், கண்ணு கூசல. கலர் கலராப் பிரிஞ்சு கெடந்தது ஒரே அடில ரிஜிஸ்டர் ஆயிட்ட மாதிரி. விலகலே இல்ல. நான் வேற அது வேறன்னு இல்ல."

யாராவது வந்தார்களா, ஏதாவது உருவம் தெரிந்ததா என்று கேட்டேன்.

"அதாம்மா சேதி. முப்பது வருசமா சாமி படம் அடிச்சவன் நான். அங்க ஒரு படமும் இல்ல. இப்ப வீட்டுப் பூஜை ரூமுக்குள்ள போனா, நான் அடிச்ச பேப்பர்தான் கண்ணுக்குத் தெரியுது. சாமி இல்லைங்கல. அது இதுக்குள்ள அடங்காதுங்கேன்."

திரும்பி வந்தது எப்படி என்றால், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை என்றார். யாரும் அனுப்பவில்லை. நெஞ்சு வலித்தது, வந்துவிட்டார்.

இதோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ட வேறு சிலதையும் சொன்னார். கூரையில் எறும்புகள் சாரை சாரையாகப் போயின, நர்ஸ் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார் என்று. "அது மருந்துக் கிறுக்கும்மா. அது வேற, இது வேற" என்று அவரே பிரித்து வைத்தார். இந்தப் பிரிப்பு எனக்கு முக்கியமாகப் பட்டது. தீவிர சிகிச்சையில் வரும் மனக்குழப்பம் துண்டு துண்டாக, பெரும்பாலும் பயமாக, ஆள் தெளிந்ததும் வெளிறிப்போவதாக இருக்கும். இவர் சொன்னதோ கோவையாக இருந்தது. ஒரு வருடத்தில் மூன்று முறை கேட்டிருக்கிறேன், சொல் மாறினாலும் சம்பவம் மாறவில்லை.

சட்டையை வெட்டியது உண்மைதான். ஆனால் நெஞ்சழுத்தம் தரும்போது சட்டையை வெட்டுவது வழக்கம், கண்விழித்தபோது சட்டை இல்லாததிலிருந்தும் ஒருவர் ஊகித்திருக்கலாம். அதனால் அதை வைத்து எதையும் நிரூபிக்கவோ மறுக்கவோ நான் முயலவில்லை. இதயம் நின்று பிழைத்தவர்களின் நினைவுகளை ஆராயும் மருத்துவர் சாம் பார்னியாவின் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கூரையிலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி மருத்துவமனை அறைகளில் படங்களை வைத்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. இந்தக் கேள்வி ஆய்வாளர்களுடையது. என் முன்னால் இருந்த கேள்வி மாத்திரை.

"அய்யா, சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேட்டேன்.

"சாகணும்னு இல்லம்மா. சாகக்கூடாதுன்னும் இல்ல."

குறிப்பேட்டில் இந்த வாக்கியத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

எடுத்த முடிவுகள், அதற்கான காரணங்கள்

முதலில் மாத்திரை. புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையக்கூடும். அதனால் பொதுவாக ஒரு வருடம் விடாமல் எடுக்கச் சொல்வார்கள். ஆனால் "எடுக்கலன்னா செத்துருவீங்க" என்ற வழக்கமான வாக்கியம் இவரிடம் எடுபடாது. இதய மருத்துவரிடம் பேசி, சாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் விளக்கச் சொன்னேன். மறுபடி அடைத்தால் உயிர் போகாமல் இதயம் மட்டும் பலவீனப்பட்டு, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கி, அடுத்தவர் கையை எதிர்பார்த்துப் பல வருடம் கிடக்க நேரலாம் என்று அவர் எடுத்துச் சொன்னார். பெரியவர் யோசித்துவிட்டு, "எண்ணெய் விடாம மிஷின ஓட்டுறது தப்புதான்" என்றார். அன்று இரவிலிருந்து மாத்திரை எடுத்தார்.

அடுத்தது மனநல மருத்துவர். மகன் கேட்டதற்காக மட்டும் இல்லை, மூளைக்கு ரத்தம் குறைந்ததால் பாதிப்பு உண்டா, மனச்சோர்வு உண்டா என்பது எங்களுக்கும் தெரிய வேண்டியிருந்தது. பெயர்கள் நினைவுக்கு வரக் கொஞ்சம் தாமதமானது, சில மாதத்தில் அதுவும் சரியாகிவிட்டது. மனநோய் இல்லை, சோர்வு இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டுக் கையேட்டில் 1994-இலிருந்தே 'மதம் அல்லது ஆன்மிகம் சார்ந்த பிரச்சினை' என்று ஒரு பிரிவு இருக்கிறது, அது நோயல்ல, கவனம் தேவைப்படும் நிலை என்று மனநல மருத்துவர் மகனுக்கு விளக்கினார். நோய் என்றும் இல்லை, ஒன்றுமே இல்லை என்றும் இல்லை என்று ஒருவர் சொன்னது மகனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மூன்றாவதில் நான் தவறு செய்தேன். இரண்டாம் சந்திப்பில், அவர் தனியாள் இல்லை என்று காட்டும் ஆர்வத்தில் படித்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். ரேமண்ட் மூடி என்ற அமெரிக்கர் 1975-இல் இதற்கு 'மரண விளிம்பு அனுபவம்' என்று பெயர் கொடுத்துப் பரப்பியதைச் சொன்னேன். நெதர்லாந்தில் பத்து மருத்துவமனைகளில் இதயம் நின்று பிழைத்த 344 பேரை இதய மருத்துவர் வான் லோமெலின் குழு பின்தொடர்ந்ததில், 62 பேர், அதாவது 18 சதவீதம் பேர், இப்படிச் சொன்னதையும் சொன்னேன். அது 2001-இல் வந்த ஆய்வு. அப்புறம் இந்த அனுபவத்தை அளக்க அமெரிக்க மனநல மருத்துவர் புரூஸ் கிரேசன் 1983-இல் வகுத்த 16 கேள்விகளைத் தமிழாக்கிக் கேட்டேன். 32-க்கு 7 வந்தாலே மரண விளிம்பு அனுபவம் என்று கணக்கு, இவருக்கு அதைவிட நிறையவே வந்தது. பத்தாவது கேள்வியில் அவர் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். "எல்லாம் சரிதாம்மா. எனக்கு மார்க்கு எதுக்கு?" என்றார். முதல் மருத்துவர் ஆக்சிஜனைக் காட்டி அவர் வாயை மூடினார், நான் எண்களைக் காட்டி மூடியிருப்பேன். தாளை மடித்து வைத்துவிட்டு, மொட்டை மாடியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யமாட்டாராம். பால் வண்டிச் சத்தம் வரும்வரை சும்மா இருப்பாராம்.

ஆனால் குடும்பத்தாருக்கு அந்தப் படிப்பு உதவியது. பெரியம்மா முறையாகும் ஒரு பாட்டி, "எமன் வந்தானா? ஏட்டப் புரட்டிட்டு இவன் இல்லேன்னு திருப்பி விட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது வெறும் பாட்டி கதையில்லை. பெங்களூர் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் இருந்த சத்வந்த் பஸ்ரிச்சா, அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனோடு சேர்ந்து 1986-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தியாவிலிருந்து 16 பேரின் அனுபவங்கள் இருக்கின்றன. தூதர்கள் கூட்டிப்போனது, ஏடு வைத்திருந்தவர் ஆள் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பியது போன்றவை அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆக, பாட்டி கேள்விப்பட்டதும் மனிதர்கள் சொன்னதுதான், இவர் சொல்வதும் மனிதர் சொல்வதுதான் என்று மகளிடம் விளக்கினேன். அவர் பாட்டிக்குப் புரியும்படி சொல்லிக்கொண்டார்.

மகனின் காவி பயத்துக்கு நம் ஊரிலேயே வேர் இருக்கிறது. 1896 ஜூலையில் மதுரையில், பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்குத் திடீரென்று மரண பயம் வந்து, செத்தவன் போல் படுத்து, சாவது யார் என்று தனக்குள் பார்த்தான். ஆறு வாரம் கழித்து வீட்டைவிட்டுக் கிளம்பித் திருவண்ணாமலை போனவர் பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்டார். இந்தக் கதை தெரிந்த மகன் பயப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை அவரிடம் சொன்னேன். இடைப்பட்ட வாரங்களில் அந்தப் பையன் முன்னைவிட அதிகமாக மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் நின்று அழுதான். அவனை அந்த அனுபவம் கோயிலுக்குள் கொண்டுபோனது, உங்கள் அப்பாவை வெளியே கொண்டுவந்திருக்கிறது. எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால் வீட்டைவிட்டுப் போவார் என்றும் முடிவுகட்ட வேண்டாம் என்றேன்.

பேர் வைக்க வந்தவர்கள்

புரட்டாசி, ஐப்பசியில் செய்தி தெருவில் பரவியது. ஞாயிறு ஜெபக்கூட்டம் நடத்தும் பக்கத்துத் தெருக்காரர் வந்து, நீங்கள் பார்த்த வெளிச்சம் இயேசு என்றார். தியான மையம் ஒன்றிலிருந்து வந்தவர்கள் அது சமாதி நிலை என்றும், மேல் வகுப்பில் சேர்ந்தால் திரும்பவும் அங்கே போகலாம் என்றும் சொன்னார்கள். கோடாங்கி ஒருவர் கருப்பசாமி மறித்து அனுப்பியிருக்கிறார் என்றார். மூவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை, அவரவர் கையில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். பெரியவர் மூவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "இருக்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மருமகன் முறைப் பையன் ஒருவன் அவரைப் பேச வைத்து யூட்யூபில் போட்டதுதான் சிக்கல். 'செத்துப் பிழைத்தவர்' என்று தலைப்பு. கீழே வந்த வசைகளைப் பேரன் வாசித்துக் காட்டியிருக்கிறான். "நான் சொன்னதுதான் அது, ஆனா நான் சொன்ன மாதிரி இல்ல" என்று ஒரு வாரம் சோர்ந்திருந்தார். வீடியோவை எடுக்க வைத்தோம்.

அவர் பக்கத்திலும் ஒரு தவறு நடந்தது. கூட வேலை செய்த ஒருவர் இறந்த வீட்டில், "அழாதீங்க, அவரு நல்லாத்தான் போயிருப்பாரு" என்று அந்த மனைவியிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். இதைப் பெரியவரே வந்து சொன்னார். கேட்காதவரிடம் சொல்வதில்லை என்று அன்று அவரே ஒரு முடிவு எடுத்துக்கொண்டார்.

கிடா

எல்லாம் ஓரளவு அடங்கிவிட்டது என்று நான் நினைத்திருந்தபோது, தை மாதத்தில் மகள் போன் செய்தார். அப்பா இரண்டு நாளாக வீட்டில் சாப்பிடவில்லை.

புரட்டாசியில் மனைவி ஒரு கிடாக்குட்டி வாங்கித் துணி துவைக்கும் கல் பக்கத்தில் கட்டியிருந்தார். விற்பதற்கு வளர்க்கிறார் என்று நினைத்து, பெரியவர் தினம் அதற்கு அகத்திக்கீரை வாங்கிவந்து போட்டிருக்கிறார். அது குலதெய்வக் கோயிலில் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டது, வருகிற சிவராத்திரிக்கு வெட்டு என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. நேர்ந்தது எதற்கு என்றால், அவர் பிழைத்ததற்கு.

"என் உசுருக்கு இன்னொரு உசுரா?" என்று கேட்டிருக்கிறார். "நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்பதோடு மனைவி நிறுத்திக்கொண்டார். பங்காளிகள் மனைவி பக்கம், மகள் அப்பா பக்கம், மகன் நடுவில்.

இருவரையும் வரச் சொன்னேன். இதுவரை நடந்த ஆறு சந்திப்புகளிலும் மனைவி கூட வந்திருக்கிறார். ஆனால் அவரைப் பற்றி என் குறிப்பேட்டில் இருந்தது இரண்டே வரி: 'துணை நல்லது. மாத்திரையைக் கவனிக்கிறார்.' அன்றுதான் முதன்முறையாக அவரிடம் கேட்டேன்: "அந்த ஆறு நாளு வெளியே என்னம்மா நடந்துச்சு?"

மஞ்சள் துணி

உடனே பேசவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். வெற்றிலைக்கும் சில்லறைக்கும் அடியிலிருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்தார். புடவைத் தலைப்பிலிருந்து கிழித்த துணி. மஞ்சள் சரியாகப் பிடிக்காமல் திட்டுத்திட்டாக இருந்தது. உள்ளே ஒரு ரூபாய் நாணயம்.

"ஷாக்கு வச்சிருக்கோம், ஒன்னும் சொல்ல முடியாதுன்னு வெளிய வந்து சொன்னாகல்ல, அன்னைக்கி முடிஞ்சது. ஆசுபத்திரில மஞ்சளுக்கு எங்க போவேன்? டீக்கடைக்காரம்மாட்ட மஞ்சப்பொடி வாங்கி, பைப்புத் தண்ணியில நனைச்சேன். காயக் கூட விடல, ஈரத்தோட முடிஞ்சேன். நீ இவுகளக் குடு, வாசல்ல வந்து கிடா வெட்டிப் பொங்க வைக்கேன்னேன். ஆறு நாளும் இதக் கையை விட்டு வைக்கல தாயி."

அப்புறம் கணவரைப் பார்த்தார். "உள்ள அவுகளுக்கு என்னமோ கெடச்சிருக்கு. சத்தம் இல்லேங்காக, வெளிச்சம்ங்காக. நல்லாருக்கட்டும். எனக்குப் பெஞ்சுதான் கெடச்சுது. உள்ள அவுக அங்க நிம்மதியா இருந்த நேரத்துல, வெளிய நான்ல செத்துக்கிட்டு இருந்தேன். அத ஒருத்தரும் கேக்கல."

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. ஐந்து மாதமாக இவர் அனுபவத்தைக் கேட்பது எப்படி, காப்பது எப்படி என்று நானும் மருத்துவரும் மனநல மருத்துவரும் கூடிப் பேசியிருக்கிறோம். சாவின் விளிம்புக்குப் போனவர் அந்தக் குடும்பத்தில் இரண்டு பேர். எங்கள் கண்ணுக்கு ஒருவர்தான் தெரிந்தார்.

பெரியவர் அந்த முடிச்சை எடுத்து, படத்தில் விலகல் பார்ப்பதுபோலக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இது எனக்குத் தெரியாதே" என்றார். "கேட்டாத்தான சொல்லுவேன்" என்றார் மனைவி.

நான் தீர்வு எதுவும் சொல்லவில்லை. கிடாவுக்குப் பதில் பொங்கலோடு முடித்துக்கொள்ளலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. அது எனக்குப் பிடித்த தீர்வு, அவ்வளவுதான். கொடுத்த வாக்கு அந்த அம்மாவுடையது. ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் கேட்டேன்: சிவராத்திரி வரை ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம், அந்த ஆறு நாளில் ஒரு நாளைப் பற்றி அந்த அம்மா சொல்ல வேண்டும், பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். அவர் அனுபவத்தை நாங்கள் கேட்டதுபோல.

சிவராத்திரியும் பிறகும்

கிடா வெட்டினார்கள். சிலர் இதை ஏமாற்றமாக வாசிக்கக்கூடும், ஆனால் நடந்தது அதுதான். பெரியவர் வேனில் கூடவே போனார். வெட்டும் நேரத்தில் கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். கறிச்சோறு சாப்பிடவில்லை. ஆனால் மனைவி பொங்கல் வைத்தபோது வந்து, அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துப் போட்டார். மனைவி முடிச்சை அவிழ்த்து நாணயத்தை உண்டியலில் போடும்போது பக்கத்தில் நின்றார். பரிவட்டம் கட்ட மறுத்ததால் அண்ணன் முறைக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டார், இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. அதைச் சரிசெய்ய முடியவில்லை.

"அவ வாக்கு அவளுக்கு. என்னால அத மாத்த முடியாது, மாத்தவும் கூடாதுன்னு தெரிஞ்சுது. ஆனா அந்தக் குட்டி ஞாபகம் இருக்கு" என்றார் அடுத்த சந்திப்பில். அவர் இறைச்சி சாப்பிடுவதை விட்டுவிட்டார். மனைவி அவருக்கென்று தனியாகச் சமைக்கிறார்.

வைகாசியில் மகள் அவரையும் அம்மாவையும் வடலூர் கூட்டிப்போனார். 1872-இல் வள்ளலார் தொடங்கிய சத்திய ஞான சபையில் சாமிப் படம் இல்லை, திரைகளை விலக்கி ஜோதியைக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டு, மாதப் பூச நாளில் போனார்கள். "படம் இல்லாம வெளிச்சத்தையே வச்சிருக்காக" என்று அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் எந்த அமைப்பிலும் சேரவில்லை. மனைவிக்குத் தருமச்சாலைச் சாப்பாடு பிடித்திருந்தது.

ஒரு வருடம் முடிந்தபோது இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 40 சதவீதத்திலிருந்து 50-க்கு வந்திருந்தது. மாத்திரை விடாமல் போகிறது. மிஷினில் நிற்பதில்லை, அரை நாள் போய் இளம் பையன்களுக்கு ரிஜிஸ்டர் பார்க்கச் சொல்லித் தருகிறார். தெருவில் படுத்த படுக்கையாக இருந்த பழைய தோழர் ஒருவர் பக்கத்தில் கடைசி மூன்று வாரம் தினம் உட்கார்ந்திருக்கிறார். தோழர் கேட்ட ஒரு நாள் மட்டும் தான் கண்டதைச் சொன்னாராம். விடியற்காலை மொட்டை மாடி தொடர்கிறது. சில நாள் மனைவியும் ஒரு டம்ளர் கடுங்காப்பியோடு மேலே போய் உட்கார்கிறார், பேசிக்கொள்வதில்லை. திருநீறு பூசச் சொல்லி அவர் வற்புறுத்துவதும் இல்லை. "அவுக தூங்கும்போது பூசிவிட்டுருவேன். அவுகளுக்கும் தெரியும்" என்றார் என்னிடம்.

இனி மாற்றிச் செய்வது

இதயம் நின்று பிழைத்தவரிடம், ஆள் தெளிந்த முதல் வாரத்திலேயே, "அந்த நேரத்துல ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்பதை எங்கள் பிரிவில் வழக்கமாக்கியிருக்கிறோம். கேட்ட பிறகு விளக்கம் சொல்வதில்லை. பணி மருத்துவர்களுக்கும் இதையே சொல்லியிருக்கிறோம். பெரும்பாலானவர்கள் ஒன்றும் ஞாபகமில்லை என்கிறார்கள், சரி என்று மேலே போகிறோம். சாவு பயம் போய்விட்டது என்று சொல்பவரிடம் அன்றே மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்க்கிறோம். ஐந்து வாரம் காத்திருந்தது ஆபத்து, இந்த முறை தப்பித்தோம். ஆய்வுகளை நோயாளியிடம் அவராகக் கேட்டால் ஒழிய நான் எடுப்பதில்லை.

வெளியே பெஞ்சில் இருப்பவருக்கு இப்போது என் குறிப்பேட்டில் தனிப் பக்கம் இருக்கிறது. இரண்டாம் நாளே பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேண்டிக்கொண்டீர்கள், யாரிடம் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். போன மாதம் ஒரு இளைஞர், அப்பா பிழைத்தால் குடியை நிறுத்துவதாகப் பள்ளிவாசலில் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். அப்பா இன்னும் கண்விழிக்கவில்லை. அதையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.